நாலாம் குழி

அத்தியாயம் பதினான்கு

இராஜரத்தினத்தின் வீட்டிலிருந்து எந்தக் கடதாசியும் தனியாக வெளியே போகாது. மின்கட்டணம் பற்றிய முறைப்பாடாக இருந்தாலும், தண்ணீர்க் குழாய் வெடித்த செய்தியாக இருந்தாலும், அதற்கு முன்னால் அவர் கைப்பட எழுதிய முகப்புக் கடிதம் ஒன்று இருக்க வேண்டும். அரசாங்கத் திணைக்களத்தில் முப்பத்து நான்கு வருடம் இருந்து, பிரதம லிகிதராக, அதாவது தலைமை எழுத்தராக, ஓய்வுபெற்ற மனிதர். தன் பைல் ஒன்றுகூடத் திருத்தத்துக்குத் திரும்பி வந்ததில்லை என்பது அவருடைய பெருமை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்கள். கண்டி அனிவத்தை ஏற்றத்தில் அந்த வீட்டுக்கு அவர்தான் பூசாரி.

போன வாரம் வரை கூட வந்தவர்களுக்கு மிச்சம் தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

வீதியோரமாக இருப்பது மேல் வீடு. அங்கே இராஜரத்தினமும் மருமகள் கஜாலினியும். மகன் ரிஷிகேசனுக்குக் கொழும்பில் வங்கி வேலை. சனி ஞாயிறில்தான் கண்டிக்கு வருவான். பின்பக்கமாக முப்பத்தெட்டுப் படி இறங்கினால் கீழ் வீடு. அங்கே மகள் நிவேதிகாவும் அவள் கணவன் இருளப்பனும். இருளப்பன் மஹய்யாவக்காரன், கண்டி நகரசுத்தித் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவன், அச்சகத்தில் மெஷின் ஓட்டியவன். யாழ்ப்பாணத்துப் பிரதம லிகிதரின் மகள் மஹய்யாவக்காரனைப் பதிவுத் திருமணம் செய்தால் என்ன நடக்கும் என்று முன்னமே பார்த்தோம். தாய் சரோஜினிதேவிதான் அழுது அடம்பிடித்து அவர்களைக் கீழ் வீட்டில் குடிவைத்தாள். அவள் செத்து இரண்டு வருடம். இருளப்பனின் சிறுநீரகங்கள் பழுதாகிப் பத்து மாதம்.

திங்கள், புதன், வெள்ளி அவனுக்கு ஆஸ்பத்திரியில் டயலிஸிஸ். கதிரையில் இருத்தி முப்பத்தெட்டுப் படியும் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். ஆனால் கீழ் வீட்டு மதிலுக்கு வெளியே ஒரு குறுக்கு வீதி ஓடுகிறது. மதிலுக்கும் தாருக்கும் நடுவில் பத்தடி அகலத்தில் மாநகர சபையின் நிலம். மதிலை உடைத்துக் கேற் வைத்து, அந்தப் பத்தடியைக் கடக்கக் கொங்கிறீட் போட்டால் ஆட்டோ வாசலுக்கே வந்துவிடும். அதற்குச் சபையின் அனுமதி வேண்டும். நிவேதிகா படிவத்தை நிரப்பி, காணி உரிமையாளர் என்ற இடத்தில் தகப்பனிடம் கையெழுத்தும் வாங்கி, ஒரு மாதத்துக்கு மேலே, ஐந்து கிழமைக்கு முன்னர், அவர் கையிலேயே கொடுத்திருந்தாள். அவர் அதை முகப்புக் கடிதத்தோடு அனுப்பிவிட்டார் என்று நம்பிக்கொண்டும் இருந்தாள்.

அதே பத்தடி நிலத்தில் மாமி சரோஜினிதேவியின் நினைவாக ஏழு நாகமரங்கள் வைக்க வேண்டும் என்று கஜாலினிக்கு ஓர் எண்ணம் வந்தது. மாமி உயிரோடு இருந்தபோது ஒரு கோப்பை தேத்தண்ணீர் கொடுக்க ஆயிரம் சாட்டுச் சொன்னவள் அவள். ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுத கதைதான். கிழவருக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள விருப்பமில்லை.

இனிப் புதன்கிழமைக்கு வருவோம்.

காலை ஆறரை. ஆட்டோக்கார முஹ்ஸின் கதிரையின் முன்கால்களைப் பிடித்திருந்தார். அவருடைய மச்சினன் அஸ்ஃபர் பின்பக்கம். ஐப்பசி மழையில் படிகள் வழுக்கின. இருபதாவது படியில் முஹ்ஸின் நின்றுவிட்டார்.

“இறக்கி வைக்கவா மச்சான்?” என்றான் அஸ்ஃபர்.

“வாணாம். இறக்கினா திரும்பத் தூக்க ஏலா.”

“நான் எடை கொறஞ்சிட்டேன் நானா,” என்றான் கதிரையில் இருந்த இருளப்பன், அண்ணன் முறை வைத்து. “போன மாசத்தவிட நாலு கிலோ கம்மி. இப்படியே போனா அடுத்த மாசம் நீங்க ஒத்தக் கையில தூக்கிடலாம்.”

பின்னால் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறிய நிவேதிகாவுக்கு அழுகைதான் வந்தது.

மேலே ஆட்டோவில் அவனை ஏற்றி இருத்திய பிறகு முஹ்ஸின் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, சொல்லாம இரிக்க ஏலா. என்ட முழங்கால் முடிஞ்சி. வாற செவ்வாய் ஒப்பரேஷன். அதுக்குப் பொறகு ஆட்டோவ அஸ்ஃபர் ஓட்டுவான். ஆனா தூக்க அவன் ஒருத்தன் பத்தா.”

“கேற் வந்திடும் முஹ்ஸின் நானா. கடதாசி குடுத்து அஞ்சு கிழமை. இண்டைக்கு நானே சபைக்குப் போய்க் கேக்கிறன்.”

“அது வந்திட்டா அல்ஹம்துலில்லாஹ். வாசல்ல நிப்பாட்டி ஏத்துறது ஒரு வேலையே இல்ல.”

மேல் வீட்டுச் சமையல் குசினி யன்னலில் கஜாலினியின் முகம் தெரிந்தது. சாமி கும்பிட்ட திருநீறு நெற்றியில் பளிச்சென்று இருந்தது.

“மச்சாள், இவையள் ஏறி வந்தா முற்றம் முழுக்கச் சேறு. கழுவுறது நான்தானே. ஒருக்காச் சொல்லி வையுங்கோ,” என்றாள். பிறகு, அன்பாக, “இண்டைக்கு ரெண்டு மணிக்குக் கீழ் ரோட்டுக்குச் சபை ஆக்கள் வருகினம். மாமியின்ர மரத்துக்கு இடம் குறிக்க. கட்டாயம் நில்லுங்கோ, என்ன.”

“கேற் வாற இடத்தைத் தள்ளித்தானே குறிப்பினம்?”

“அதெல்லாம் மாமா பாத்துக்கொள்ளுவார்.”

ஆஸ்பத்திரியில் கணவனை விட்டால் நான்கு மணித்தியாலம் அவளுக்கு வேலையில்லை. ஒன்பது மணிக்கு மாநகர சபையின் விண்ணப்பக் கருமபீடத்தில் நின்றாள். சிங்களப் பொடியன் ஒருவன், நல்லவன், பதிவேட்டை இரண்டு தரம் புரட்டினான். இனி வருவது சிங்களத்தில் நடந்த பேச்சு; தமிழில் தருகிறேன்.

“இந்த விலாசத்திலிருந்து கேற் விண்ணப்பம் வரவில்லையே.”

“ஐந்து கிழமைக்கு முன் அனுப்பியது. திரும்பப் பாருங்கள்.”

“பார்த்துவிட்டேன் அக்கா. ஒரு விண்ணப்பம்தான் இருக்கிறது. மரம் நடுகிறதற்கு. அது அங்கீகாரமும் ஆகிவிட்டது.” அவன் பைலை அவள் பக்கமாகத் திருப்பினான். “இதைப் பாருங்கள், எவ்வளவு நேர்த்தி. எங்கள் பெரியவர் இதை எல்லோருக்கும் காட்டினார். விண்ணப்பம் என்றால் இப்படி எழுத வேண்டும் என்றார்.”

அவளுக்கு அந்தக் கையெழுத்தைத் தெரியாதா? சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று, இரண்டும் முத்து முத்தாக இருந்தன. கீழே வரைபடம். மின்கம்பத்திலிருந்து அளந்து, பதினைந்தடிக்கு ஒன்றாக ஏழு வட்டங்கள். நடுவில் வரும் நாலாவது வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு சதுரம், ‘பெயர்ப்பலகை’ என்று. அந்த நாலாவது வட்டம் விழுந்த இடத்துக்கு நேரே மதிலில் அவள் கரியால் இரண்டு கோடு போட்டிருக்கிறாள். அதுதான் கேற் வர வேண்டிய இடம். மதிலின் மற்றப் பக்கமெல்லாம் நிலம் ஆளுயரம் பள்ளம். அந்த ஓரிடம்தான் வீதியோடு சமமாக வருகிறது.

கடிதத்தின் நான்காம் பந்தியைத் தமிழில் வாசித்தாள். ‘மேற்படி வீதியோரத்தில் தற்போது வாயில் எதுவும் இல்லை. எதிர்காலத்தில் வாயில் அமைக்கும் உத்தேசமும் இல்லை என உறுதிப்படுத்துகிறேன்.’

கீழே கையெழுத்து. அவளுடைய படிவத்தில் கையெழுத்து வைத்துப் பத்து நாள் கழித்த திகதி.

“மரத்துக்கு அனுமதி போன இடத்தில் கேற்றுக்கு அனுமதி கிடைக்காது,” என்றான் பொடியன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “கேற் விண்ணப்பம் முதலில் வந்திருந்தால் மரத்தைத் தள்ளி வைத்திருப்பார்கள். இன்றைக்கு இடம் பார்க்க எங்கள் உத்தியோகத்தர் மிஸ் வருகிறார். குழி தோண்டுவதற்கு முன் விண்ணப்பதாரர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் ஒரு மரத்தைக் குறைத்துவிடலாம். தோண்டி நட்ட பிறகு முடியாது. நாகமரத்தை வெட்டுவதற்கு இந்த ஊரில் யார் கையெழுத்து வைப்பார்?”

நடுவதற்கு ஓர் அனுமதி, வெட்டுவதற்கு ஒன்பது அனுமதி. கஜாலினி வேறெந்த மரத்தையும் கேட்காமல் நாட்டின் தேசிய மரத்தையே கேட்டதற்குக் காரணம் நிவேதிகாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

பன்னிரண்டு மணிக்குக் கணவனைக் கொண்டுவந்து கீழே படுக்க வைத்துவிட்டு, அவள் மேல் வீட்டுக்கு ஏறினாள். இராஜரத்தினம் மேசையில் இருந்தார். ஓய்வுபெற்றுப் பதினான்கு வருடமாகியும் காலை எட்டரைக்குச் சட்டை போட்டுக்கொண்டு அந்த மேசைக்கு வந்துவிடுவார். முன்னால் சிவப்பு மைப் பேனா, நீல மைப் பேனா, குண்டூசிப் பெட்டி.

“அப்பா, என்ர படிவம் எங்கை?”

“இருக்கு.” அவர் மேசை இலாச்சியை இழுத்துத் திறக்கவில்லை. “முகப்புக் கடிதம் முடியேல்லை.”

“அஞ்சு கிழமையா?”

“ஒரு விலாசத்தில இருந்து ஒரே மூச்சில ரெண்டு விண்ணப்பம் போகக் கூடாது. ரெண்டையும் தூக்கி ஒரு பக்கம் வைச்சிடுவாங்கள். அம்மாவின்ரது முதல்ல போகட்டும் எண்டு விட்டனான்.”

“கேற் வைக்கிற உத்தேசம் இல்லை எண்டு எழுதியிருக்கிறியள். எனக்குக் கையெழுத்து வைச்சுப் பத்து நாளுக்குப் பிறகு.”

கிழவர் நிமிர்ந்து பார்த்தார். மகளுடைய கண்ணீரை விட, அவள் தன் பைலைத் திறந்து பார்த்துவிட்டாள் என்பதுதான் அவரைச் சுட்டது.

“அந்த வசனம் இல்லாட்டி மேல கேள்வி கேப்பாங்கள். கேள்வி வாறமாதிரி நான் எழுதுறேல்லை.”

“முஹ்ஸின் நானாவுக்கு வாற செவ்வாய் ஒப்பரேஷன். அதுக்குப் பிறகு இவரை மேல தூக்கிக்கொண்டு வர ஆளில்லை. ரெண்டு தரம் டயலிஸிஸ் தவறினா என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். நாலாவது குழி வேண்டாம் எண்டு ஒரு வரி எழுதிக் குடுங்கோ. மற்ற ஆறும் நிக்கட்டும். அம்மாவின்ர பலகையை மூண்டாவதுக்குப் பக்கத்தில வைப்பம்.”

“மூண்டாவது நடு இல்லையே,” என்றார் இராஜரத்தினம்.

அவள் அவர் காலைப் பிடித்தாள். கல்யாணத்துக்குக்கூட அவள் அந்தக் காலைப் பிடிக்கவில்லை. அவர் சங்கடப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டார்.

“சரி, எழும்பு. பாப்பம்.”

‘பாப்பம்’ என்று அப்பா சொன்னால் பாதி ஆம் என்று சின்ன வயதிலிருந்து அவளுக்கு நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு படியிறங்கிப் போனாள், பாவம்.

இரண்டு மணிக்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் திருமதி ஏக்கநாயக்க வந்தார். கூட இரண்டு தொழிலாளர்கள், மண்வெட்டி, ஒரு பை சுண்ணாம்பு, ஒரு நாகங்கன்று. இராஜரத்தினம் நீளக்கைச் சட்டையும் கறுப்புக் குடையுமாக மின்கம்பத்தடியில் காத்திருந்தார். கஜாலினி பட்டுச்சேலை கட்டியிருந்தாள். மதிலுக்கு இந்தப்பக்கம் வீதி, அந்தப்பக்கம் இருளப்பனின் கட்டில். யன்னல் திறந்திருந்தது.

அளவு நாடா மின்கம்பத்திலிருந்து ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று. சுண்ணாம்பு வட்டங்கள் விழுந்தன. நாலாவது வட்டத்தை நோக்கித் தொழிலாளி குனிந்தபோது நிவேதிகா குறுக்கே வந்து நின்று சிங்களத்தில் சொன்னாள்.

“மிஸ், இந்த இடத்தில் எங்களுக்கு ஒரு கேற் வர இருக்கிறது. என் கணவர் நோயாளி. படி ஏற முடியாதவர்.”

உத்தியோகத்தர் மதிலில் இருந்த கரிக்கோடுகளைப் பார்த்தார். கையிலிருந்த பைலைப் பார்த்தார். பிறகு கிழவரிடம் மரியாதையாகத் திரும்பினார்.

“மாத்தயா, இங்கே கேற்றுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறீர்களா?”

“இல்லை,” என்றார் இராஜரத்தினம், சுத்தமான சிங்களத்தில். “சபைக்கு அப்படி ஒரு விண்ணப்பம் வரவில்லை.”

அது உண்மை. இலாச்சிக்குள் இருந்த கடதாசி எப்படிச் சபைக்கு வந்திருக்கும்?

“அமைக்கும் யோசனை இருக்கிறதா? இருந்தால் ஒன்றும் பெரிய காரியமில்லை. நாலாம் பந்தி பிழை என்று இந்த ஓரத்தில் ஒரு வரி எழுதிச் சின்னக் கையெழுத்து வையுங்கள். ஆறு மரத்தோடு நிறுத்திவிடுகிறேன்.” அந்த அம்மாள் தன் பேனாவைத் திறந்து நீட்டியே விட்டார்.

நிவேதிகா தகப்பனின் கையைப் பார்த்தாள். அந்தக் கை பேனாவை வாங்கப் போகிறது என்றே நினைத்தாள். அது குடைப்பிடியை மாற்றிப் பிடித்தது, அவ்வளவுதான்.

“நான் எழுதியது எழுதியதுதான் மிஸ். என்னுடைய பைலில் வெட்டுக்கொத்து இருக்காது.”

மண்வெட்டி இறங்கியது. ஈர மண், சிரமமில்லாமல் வந்தது. பத்து நிமிடத்தில் நாலாம் குழி தயார். மதிலுக்கு அந்தப்பக்கம் இருளப்பன் இருமினான்.

கொடுமை அத்தோடு நின்றிருந்தால் இந்த அத்தியாயத்தை நான் சீக்கிரம் முடித்திருப்பேன். ஆனால் கஜாலினி கைத்தொலைபேசியை எடுத்து நிமிர்த்திப் பிடித்தாள்.

“முதல் கன்றை மச்சாள்தான் வைக்கோணும்,” என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. “நான் வந்த மருமகள். அவ பெத்த மகள். மாமியின்ர ஆத்மா அப்பத்தான் சாந்தியடையும். இது நடுக்குழி, பலகை வாற குழி. மச்சாள், வாங்கோ. லண்டனில, ரொறன்ரோவில இருக்கிற ஆக்களெல்லாம் குடும்பக் குறூப்பில பாத்துக்கொண்டிருக்கினம்.”

சிங்களத்தில் அதையே உத்தியோகத்தருக்கும் சொன்னாள். அந்த அம்மாளின் கண் கலங்கிவிட்டது. தாயின் பெயரில் மகள் மரம் வைப்பதை அவர் எத்தனையோ இடத்தில் பார்த்திருப்பார். கன்றைத் தூக்கி நிவேதிகாவின் கையில் கொடுத்தார்.

மறுத்தால், தாய்க்கு ஒரு மரம் வைக்க மனமில்லாதவள் என்று எழுபது உறவினர்கள் பார்ப்பார்கள். நட்டால், அவளே சம்மதித்து நட்டாள் என்பதற்கு அந்தப் படம் சாட்சி. கஜாலினி படித்த படிப்பெல்லாம் இந்த ஒரு நிமிடத்துக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நிவேதிகா குந்தினாள். வேரை மண்ணில் வைத்தாள். தொழிலாளி சொன்னபடி சுற்றிவர மண்ணைத் தள்ளி அமுக்கினாள். கஜாலினி இன்னும் கிட்ட வந்து அவள் முகத்தைப் படம் எடுத்தாள். “அழுறா பாருங்கோ,” என்றாள் தொலைபேசிக்குள். “அம்மாவை நினைச்சு.”

கீழ் வீட்டுக்குள் போனபோது இருளப்பன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

“நீயே நட்டியா?”

“ஓம்.”

“நேரா நட்டியா? இல்லன்னா சாஞ்சுக்கிட்டு வளர்ந்துரும்.”

அவன் கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மேசையை இழுத்துப்போட்டுச் சபை ஆணையாளருக்கு முறைப்பாடு எழுத உட்கார்ந்தாள். தன் தகப்பன் பொய் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினார் என்று எழுதினாள். முடித்ததும் நேரே தபால் பெட்டிக்குப் போயிருக்கலாம். யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அவள் அந்த வீட்டுப் பிள்ளை. முப்பத்தாறு வயது வரை அப்பா பார்க்காத கடிதம் ஒன்றை அவள் தபாலில் போட்டதில்லை. அப்பாவுக்கு எதிரான கடிதத்தையும் அப்பாவிடமே கொண்டு போனாள்.

மணி ஐந்து. இராஜரத்தினம் கடிதத்தை வாங்கி வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சிவப்பு மைப் பேனாவை எடுத்தார்.

“பந்திக்கு இலக்கம் போடேல்லை,” என்றார்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓரத்தில் போட்டார்.

“‘பொய்’ எண்டு எழுதாதை. கோவத்தில எழுதினது எண்டு நினைப்பாங்கள். ‘உண்மைக்குப் புறம்பான கூற்று’. பைல் இலக்கத்தை மேல போடு. நான் அந்த வசனம் எழுதின திகதியையும், உன்ர படிவத்தில கையெழுத்து வைச்ச திகதியையும் பக்கத்தில பக்கத்தில காட்டு. அப்பத்தான் தெரிஞ்சு செய்தது எண்டு விளங்கும்.”

“அப்பா.”

“பதிவுத் தபாலில அனுப்பு. இதுக்கு அவங்கள் பதில் சொல்லாமல் இருக்க ஏலாது. முறைப்பாடு எண்டு வந்தா, கன்று வைச்ச முப்பது நாளுக்குள்ள பிடுங்கி வேற இடத்தில வைக்கலாம்.”

தன்னையே குற்றவாளியாக்கும் கடிதத்தை அவர் வரி வரியாக இறுக்கிக்கொண்டு போனார். அவரால் ஒரு மோசமான கடிதத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நிவேதிகாவுக்கு அந்த நேரத்தில் அவர்மேல் பழைய அன்பு பொங்கியது. மன்னித்துக்கூட விட்டாள். அப்பா இப்படித்தான், வாயால் சொல்ல மாட்டார், பேனாவால் சொல்கிறார் என்று நினைத்தாள்.

கடைசி வரியில் பேனா நின்றது. முறைப்பாட்டாளர் யார் என்ற இடத்தில் அவள் ‘காணி உரிமையாளரின் மகள்’ என்று எழுதியிருந்தாள். இராஜரத்தினம் ‘காணி உரிமையாளரின்’ என்ற இரண்டு சொல்லையும் சிவப்பு மையால் வெட்டினார்.

“ஏன் அதை வெட்டுறியள்?”

“பிழையா எழுதினா முழுக்கடிதமும் நிக்காது.”

“என்ன பிழை?”

அவர் பேனாவை மூடி, ஊசிப் பெட்டிக்குப் பக்கத்தில் நேராக வைத்தார்.

“ஓகஸ்டில ரிஷியின்ர பேரில காணி உறுதி எழுதியாச்சு. மேல் வீடும் கீழ் வீடும். நான் இப்ப உரிமையாளர் இல்லை. உன்ர படிவத்தில நான் வைச்ச கையெழுத்தும் செல்லாது. செல்லாத கடதாசியை நான் எப்பிடி முகப்புக் கடிதம் வைச்சு அனுப்பிறது?”

அவள் அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டாள். தெரிந்துகொண்டே கையெழுத்து வைத்திருக்கிறார். தெரிந்துகொண்டே ஐந்து கிழமை காக்க வைத்திருக்கிறார்.

“எங்கட ஆக்களில வீடு மகளுக்கெண்டுதான் அம்மா சொன்னவ.”

“அது எங்கட ஆக்களைக் கலியாணம் செய்திருந்தா.”

இதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. மழை வருமா என்று கேட்பவரைப் போலச் சொன்னார்.

“அப்ப நாங்கள் எப்ப வெளிக்கிடோணும்?” என்றாள் நிவேதிகா.

பதில் கதவடியிலிருந்து வந்தது. கஜாலினி தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

“ஐயோ மச்சாள், உங்களை ஆர் வெளிக்கிடச் சொன்னது? ஊர் சிரிக்காதோ? விருப்பமான காலம் வரைக்கும் இருங்கோ. படி இருக்குத்தானே.”

துரத்தினார்கள் என்ற பெயர் வரக்கூடாது. தானாகப் போனார்கள் என்றிருக்க வேண்டும். அதற்குத்தான் மாமியின் பெயர், அதற்குத்தான் ஏழு மரம். சொந்தக்காரர் வாய்க்குக் கஜாலினி பயந்த அளவுக்கு எமனுக்குக்கூடப் பயந்திருக்க மாட்டாள்.

இராஜரத்தினம் கடிதத்தை மகளிடம் நீட்டினார். “மற்றதெல்லாம் சரி. சுத்தப் பிரதி ஒண்டு எடு. இப்பிடிச் சிவப்பு மையோட ஒருத்தருக்கும் காட்டாதை.”

நிவேதிகா வாங்கிக்கொண்டு இறங்கினாள். பாதிப் படியில் அவளுடைய தொலைபேசி அதிர்ந்தது. குடும்பக் குறூப். அவள் மண்ணை அமுக்கும் படத்துக்குக் கீழே பூக்களும் கும்பிட்ட கைகளும் நிரம்பியிருந்தன. ரொறன்ரோவிலிருந்து பெரிய மாமி எழுதியிருந்தாள். ‘பெத்தவளுக்குக் கடன் தீத்திட்டாய் பிள்ளை.’

அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். கடிதத்தை முழங்காலில் விரித்து, சிவப்பு மை தெளிவாக விழும்படி படம் எடுத்தாள். இராஜரத்தினத்தின் கையெழுத்தை அந்த எழுபது பேரில் தெரியாதவர் இல்லை. அவர்களுடைய கல்யாணக் கடிதங்கள், பிள்ளைகளின் பாடசாலை விண்ணப்பங்கள், விசாக் கடிதங்கள் எல்லாம் அவர் எழுதியவை. அந்த மரியாதை ஒன்றுதான் அவரிடம் மிச்சமிருக்கும் சொத்து என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே செய்தாள். அப்பாவின் மகள்தானே.

படத்தின் கீழே எழுதினாள்: ‘நான் மரம் வைத்த இடம், அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நாங்கள் கேட்ட வழி. காணி முழுவதும் ஓகஸ்டிலேயே அண்ணாவின் பெயருக்குப் போய்விட்டது. கடிதம் என்னுடையது. திருத்தம் அப்பாவுடையது.’

அனுப்பினாள்.

பூக்கள் நின்றுவிட்டன. பிறகு திரையின் மேல் ஓரத்தில் ஒரு பெயர் தோன்றியது. ரிஷிகேசன் எழுதிக்கொண்டிருந்தான். நிறுத்தினான். திரும்ப எழுதத் தொடங்கினான்.

மேலே, மேசையில், கிழவரின் தொலைபேசி ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஒலிக்கத் தொடங்கியது. மரத்துக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள் என்று நினைத்து, இராஜரத்தினம் சிரித்த முகத்தோடு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.